வெள்ளைத் தாளில் ஒரு பறவை: தாள் சிற்பம் செய்யும் முறை

ஒரு சாதாரண ஏ4 தாளின் குறுகிய விளிம்பைப் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டிப் பாருங்கள். மறுமுனை உடனே தொங்கிவிடும். அதே விளிம்பின் நடுவில் கட்டைவிரலால் இலேசாக அழுத்தி, தாள் நெடுகிலும் ஆழமற்ற ஒரு வாய்க்கால் உண்டாகும்படி பிடித்தால், தொங்கிய தாள் நிமிர்ந்து தன் எடையைத் தானே தாங்கத் தொடங்கும். தாளோடு நாம் எதையும் சேர்க்கவில்லை. ஒரு வளைவு மட்டுமே கூடியிருக்கிறது. தாள் சிற்பம் என்னும் கலையின் அடிப்படை இந்த வளைவுதான். தாளில் உருவம் செய்ய விரும்புவோர் கத்தியை எடுப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் சில முறை செய்து, தாள் எங்கே இணங்குகிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்பதைக் கைவிரல்களால் அறிந்துகொள்வது நல்லது.

இங்கே சொல்லப்படும் சிற்பம் காகிதக் கூழைப் பிசைந்து அச்சில் அப்பிச் செய்யும் பொம்மை வேலையிலிருந்து வேறுபட்டது. வெட்டாமல் ஒட்டாமல் மடித்து மட்டுமே செய்யும் ஓரிகாமியிலிருந்தும் வேறுபட்டது. தட்டையான தாளை வெட்டி, கீறி, மடித்து, சுருட்டி, ஒட்டி, ஒளியும் நிழலும் விழும் உருவமாக எழுப்புவதே இதன் முறை. ஒரே முறை என்றாலும் விளைவுகள் மிகப் பல. டென்மார்க் கலைஞர் பீட்டர் காலெசன் ஒரே ஓர் ஏ4 தாளில் உருவத்தை வெட்டியெடுத்து, வெட்டிய இடத்தின் வெற்று வடிவத்தையும் படைப்பின் பகுதியாகவே விட்டுவைக்கிறார். சீனக் கலைஞர் லி ஹோங்போ ஆயிரக்கணக்கான தாள்களைத் தேன்கூட்டு அமைப்பில் ஒட்டி, பார்ப்பதற்குச் சுதைச் சிலை போலவும் இழுத்தால் அக்கார்டியன் போல நீள்வதாகவும் உருவங்களைச் செய்கிறார். நாம் இவ்வழிகாட்டியில் செய்யவிருப்பது இவற்றைவிட எளிய ஒன்று: சிறகு விரித்த ஒரு பறவை, வெள்ளைத் தாளில், பின்புலத்திலிருந்து எழும் புடைப்புச் சிற்பமாக.

தாள் வளையும், ஆனால் நீளாது. துணியையோ களிமண்ணையோ போல அதை இழுத்து உப்பவைக்க முடியாது என்பதால், ஒரே நேரத்தில் இரு திசைகளில் வளையும் பரப்பைத் தட்டைத் தாளிலிருந்து நேரடியாகப் பெற இயலாது. பந்தின் மேல் ஒரு தாளைச் சுற்றினால் எங்காவது சுருக்கம் விழுவது இதனால்தான். கணித மேதை காஸ் 1827-இல் இதற்கான நிறுவலை முன்வைத்தார். உருளையும் கூம்பும் தாளுக்கு இயல்பாக வரும் வடிவங்கள். மற்ற எல்லாவற்றையும் இவ்விரண்டின் துண்டுகளாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கமே தாள் சிற்பியின் பார்வை என்று நான் கருதுகிறேன். அது கைத்திறனைவிடச் சற்றுத் தாமதமாகத்தான் வரும்.

தாளும் அதன் இழையும்

தாளின் கனத்தை அச்சுத்தொழிலில் ஜிஎஸ்எம் என்று சொல்கிறார்கள். அது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடையுள்ளது என்பதைக் குறிக்கும். ஏ4 அளவு ஒரு சதுர மீட்டரின் 16-இல் ஒரு பங்கு என்பதால், அலுவலகங்களில் புழங்கும் 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று சரியாக 5 கிராம் இருக்கும். இந்தத் தாள் மாதிரி செய்து பார்க்க மட்டுமே உகந்தது. உண்மையான வேலைக்கு 120 முதல் 200 ஜிஎஸ்எம் வரையுள்ள, பூச்சு ஏற்றப்படாத ஓவியத் தாள் ஏற்றது. அதில் மெல்லியதை இறகுகளுக்கும் கனமானதை உடலுக்கும் வைத்துக்கொள்ளலாம். 250-க்கு மேல் போனால் சிறிய வளைவுகளில் தாள் உடைந்து இழை தெரியத் தொடங்கும். பளபளப்பான பூச்சுத் தாள் பார்க்க அழகாக இருந்தாலும் மடிக்கும் இடத்தில் பூச்சு வெடித்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

பல ஆண்டுகள் வைத்திருக்க நினைக்கும் படைப்புக்கு அமிலமற்ற தாளையே பயன்படுத்த வேண்டும். செய்தித்தாள் சில நாள் வெயிலிலேயே மஞ்சளாவதற்கு மரத்தின் இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்னும் பொருள் அதில் அப்படியே தங்கியிருப்பது காரணம். அமிலமோ செல்லுலோஸ் இழைகளைச் சிறிது சிறிதாக அறுத்துத் தாளை நொறுங்கச் செய்கிறது. உறையின் மேல் ஐஎஸ்ஓ 9706 என்று அச்சிடப்பட்டிருந்தால் அது நீடித்த ஆயுளுக்கான தரத்தைக் குறிக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வெள்ளை என்பது ஒரே நிறமன்று. ஒரு கட்டின் வெள்ளை நீலம் பாய்ந்ததாகவும் இன்னொன்றின் வெள்ளை பால்நிறமாகவும் இருக்கும். தனித்தனியே பார்க்கும்போது தெரியாத இந்த வேறுபாடு, இரண்டையும் அருகருகே ஒட்டியவுடன் அழுக்குப் போலத் தோன்றும். என் தொடக்ககாலப் படைப்பு ஒன்றில் ஒரு சிறகு மட்டும் பழையதாகத் தெரிந்தது இப்படித்தான். எனவே ஒரு படைப்புக்கு வேண்டிய தாள் முழுவதையும் ஒரே கட்டிலிருந்து எடுங்கள்.

இயந்திரத்தில் தாள் உருவாகும்போது கூழ் ஓடும் திசையிலேயே பெரும்பாலான இழைகள் படிந்துவிடுகின்றன. அச்சகத்தார் கிரெயின் என்று சொல்லும் இந்த இழைத்திசைதான் தாளின் குணத்தில் பாதியைத் தீர்மானிக்கிறது. இழைக்கு இணையாக மடித்தால் மடிப்பு நேராகவும் கூர்மையாகவும் விழும். குறுக்கே மடித்தால் விளிம்பு பிசிறடிக்கும். திசையைக் கண்டறிய, தாளை உடையாமல் பாதியாகச் சாய்த்து உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பார்த்துப் பிறகு மறு திசையிலும் அவ்வாறே செய்யுங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்புக் குறைவோ அந்த வளைவின் அச்சுக்கு இணையாக இழை ஓடுகிறது. ஐயம் தீரவில்லையென்றால் ஓரத்திலிருந்து சிறிது கிழித்துப் பாருங்கள், இழையோடு சேர்ந்து கிழிவது நேர்கோடாகப் போகும், குறுக்கே கிழிவது திசை மாறி அலையும். ஒரு சிறு துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் ஈரமாக்கினால், அது சுருளும் குழலின் அச்சும் இழைத்திசையையே காட்டும். கண்டறிந்ததும் ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் ஓர் அம்புக்குறி இட்டுவைப்பது பின்னால் பல குழப்பங்களைத் தவிர்க்கும், ஏனெனில் துண்டுகளாக வெட்டிய பிறகு திசை நினைவில் நிற்பதில்லை.

கத்தியும் மற்றவையும்

கருவிகள் மிகச் சில. கூர்முனைக் கத்தி ஒன்று, எஃகு அளவுகோல், வெட்டுவதற்கு அடியில் வைக்கும் கட்டிங் மேட், கீறல் போடுவதற்கு மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா, மடிப்பைத் தேய்க்கப் புத்தகம் கட்டுவோர் பயன்படுத்தும் எலும்புத் துண்டு அல்லது மழுங்கிய வேறு ஏதேனும், முனை மெல்லிய இடுக்கி, உருளைப் பென்சில்கள், வெள்ளைப் பசை, பல்குத்தும் குச்சிகள். பிளாஸ்டிக் அளவுகோலைக் கத்தியோடு பயன்படுத்தக் கூடாது. கத்தி அதைச் சீவிக்கொண்டு விரலை நோக்கி ஏறிவிடும்.

கத்தியின் அலகு மட்டும் விரிவாகப் பேசத் தக்கது. மழுங்கிய அலகு தாளை வெட்டுவதில்லை, இழுத்துக் கிழிக்கிறது. அதை ஈடுகட்டக் கை தானாகவே அதிகம் அழுத்துகிறது, அழுத்தம் கூடும்போது கத்தி வழுக்குகிறது. விபத்துகளும் அழுக்கான விளிம்புகளும் ஒரே காரணத்திலிருந்து வருபவை. வளைவின் மூலையில் தாள் சிறிது மயிரிழைபோல் பிசிறுவதைக் கண்டவுடன் அலகை மாற்றிவிடுங்கள், பழைய அலகுகளை மூடியுள்ள ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். வளைவுகளை வெட்டும்போது கத்தி பிடித்த கை ஓரிடத்தில் நிலைத்திருக்க, மறுகை தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உள்ளே உள்ள சிறு வெட்டுகளை முதலிலும் புறக்கோட்டை இறுதியிலும் வெட்டுவது முறை. புறக்கோடு முதலில் போய்விட்டால் பிடித்துக்கொள்வதற்குத் தாள் இராது. தாங்கிப் பிடிக்கும் கையின் விரல்கள் எப்போதும் கத்தி வரும் பாதைக்கு வெளியே இருக்கட்டும்.

கீறி மடித்தல்

மடிக்க வேண்டிய கோட்டில் தாளைச் சற்றே வலுவிழக்கச் செய்வதற்குக் கீறல் என்று பெயர். இரு வகைகள் உண்டு. முதலாவது, மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கோடு இழுத்துத் தாளின் இழைகளைப் பள்ளமாக அமுக்குவது. இரண்டாவது, கத்தியால் தாளின் கனத்தில் ஏறக்குறைய பாதி அளவுக்கு மட்டும் வெட்டுவது. அழுத்தக் கீறல் வலுவானது, தவறினாலும் தாள் பிழைத்துக்கொள்ளும். அரைவெட்டுக் கீறல் மிகக் கூர்மையான விளிம்பைத் தரும், ஆனால் பலமுறை மடித்து விரித்தால் அறுந்துவிடும். இரண்டிலுமே கீறிய பக்கம் மடிப்பின் வெளிப்புறமாக, அதாவது மேடாக எழும் பக்கமாக அமைய வேண்டும். அரைவெட்டின் வாய் வெளிப்புறத்தில் திறந்துகொடுக்கும்போதுதான் தாள் தடையின்றி மடியும். மேட்டு மடிப்புகளை முன்பக்கத்திலும் பள்ள மடிப்புகளைப் பின்பக்கத்திலும் கீறுவது என்று மனத்தில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. பின்பக்கக் கோடு சரியான இடத்தில் விழ, கோட்டின் இரு முனைகளிலும் ஊசியால் துளையிட்டு மறுபக்கத்தில் அந்தத் துளைகளை இணைக்கலாம்.

கலை தொடங்குவது நேர்கோட்டில் அன்று, வளைகோட்டில். சுமார் 15 சென்டிமீட்டர் நீளமும் 6 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஓர் இலை வடிவத்தை, இழை நீளவாக்கில் ஓடும்படி வெட்டுங்கள். காம்பிலிருந்து நுனிவரை மிக மென்மையான எஸ் வடிவில் நடு நரம்பை வரைந்து அழுத்திக் கீறுங்கள். இப்போது இலையை மேசையில் வைத்து மடிக்க முயலாதீர்கள். வளைகோட்டு மடிப்பு மேசையின் மேல் மடியாது. கையில் எடுத்து, கட்டைவிரலும் சுட்டுவிரலும் கோட்டின் இருபுறமும் இருக்க, காம்பிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகக் கிள்ளிக்கொண்டே நுனிவரை செல்லுங்கள். முதல் முறை மடிப்பு அரைகுறையாகவே எழும். மூன்றாம் முறையில் இலை தானாக முறுக்கிக்கொண்டு கையிலிருந்து எழும்பும். ஒரு பாதி குழிந்தும் மறுபாதி குவிந்தும் நிற்பதையும், நடுநரம்பு தாளின் தளத்தை விட்டு வெளியே வளைந்து செல்வதையும் காண்பீர்கள். நீங்கள் இழுத்தது தட்டையான ஒரு கோடு, கிடைத்தது வெளியில் நெளியும் ஒரு விளிம்பு. பின்பக்கத்திலிருந்து பக்க நரம்புகளையும் கீறிப் பள்ளமாக மடித்தால் இலையின் ஓரம் அலையும். இந்த ஓர் இலையைப் பத்து முறையாவது, ஒவ்வொரு முறையும் நரம்பின் வளைவைக் கூட்டியும் குறைத்தும் செய்து பார்த்த பிறகே பறவைக்குச் செல்ல வேண்டும் என்பது என் வலியுறுத்தல்.

வளைகோட்டு மடிப்பின் விந்தையை முழுமையாக உணர விரும்புவோர் இன்னொரு பயிற்சியும் செய்யலாம். ஒரு வட்டத் தாளில் ஒரே மையமுள்ள வட்டங்களைச் சம இடைவெளியில் வரைந்து, ஒன்று விட்டு ஒன்று முன்பக்கமும் பின்பக்கமும் கீறி, மையத்தில் ஒரு சிறு வட்டத்தை வெட்டி நீக்கிவிட்டு, எல்லா மடிப்புகளையும் பொறுமையாகக் கிள்ளிக்கொண்டே வந்தால், தட்டைத் தட்டு குதிரைச் சேணம் போல முறுக்கிக்கொள்ளும். ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் ஜோசஃப் ஆல்பர்ஸ் 1920-களில் மாணவர்களுக்குத் தாளை மட்டும் கொடுத்து, வீணாக்காமல் அதன் இயல்பைக் கண்டுபிடிக்கச் சொன்ன வகுப்புகளில் இத்தகைய வடிவங்கள் செய்யப்பட்டன. தரவுச் சுருக்கக் குறியீட்டால் கணினித் துறையில் பெயர்பெற்ற டேவிட் ஹஃப்மன், 1976-இல் தாளின் வளைவுகளையும் மடிப்புகளையும் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியதோடு, தாமே வளைகோட்டு மடிப்புகளில் அழகிய உருவங்களையும் செய்துவைத்தார்.

சுருட்டுவது எளிது. தாள் கீற்றை அளவுகோலின் விளிம்பில் சாய்த்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இழுத்தால், விளிம்பைத் தொட்ட பக்கம் உள்வளைவாக அமையும்படி அது சுருளும். வெளிப்பக்க இழைகள் நிலையாகச் சிறிது நீண்டுவிடுவதே காரணம். அழுத்தம் கூடக் கூடச் சுருள் இறுகும். கனமான தாளை உருளைப் பென்சிலில் சுற்றி வளைப்பது பாதுகாப்பானது.

உருண்டையைப் பெறும் வழிகள்

நீளாத தாளில் பறவையின் மார்பு போன்ற உப்பிய பரப்பை எப்படிப் பெறுவது? தையற்காரர்கள் தட்டைத் துணியை உடலின் வளைவுக்கு ஏற்ப டார்ட் பிடிப்பதை, அதாவது விளிம்பில் முக்கோணமாக மடித்துத் தைப்பதைப் போலவே இங்கும் செய்ய வேண்டும். 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்தில் விளிம்பிலிருந்து மையம்வரை ஒரு வெட்டுப் போட்டு, கால் வட்ட அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டினால், அடி ஆரம் 7.5 சென்டிமீட்டரும் உயரம் ஏறத்தாழ 6.6 சென்டிமீட்டரும் உள்ள கூம்பு கிடைக்கும். ஏற்றும் அளவைக் குறைத்தால் கூம்பு தாழும். இதே உத்தியை முழுமையாகச் செய்யாமல், ஒரு வடிவத்தின் விளிம்பிலிருந்து 2 அல்லது 3 சென்டிமீட்டர் மட்டும் உள்ளே வெட்டி, வெட்டின் இரு கரைகளையும் 4 மில்லிமீட்டர் ஏற்றி ஒட்டினால், அந்த இடம் மட்டும் இலேசாகக் குவியும். விளிம்பைச் சுற்றி இப்படி நான்கைந்து இடங்களில் செய்தால் முழு வடிவமும் கிண்ணம்போல் எழும். வெட்டுகளின் நீளம் ஒன்றுபோல் இருந்தால் உருவம் இயந்திரத்தனமாகத் தெரியும்; நீளத்தையும் இடைவெளியையும் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

முழுப் பந்து வேண்டுமென்றால் பூகோள உருண்டை செய்தவர்களின் வழியைப் பின்பற்றலாம். 1507-இல் மார்டின் வால்ட்சீமுல்லர் அச்சிட்ட உலக உருண்டை வரைபடம், நடுவில் அகன்று இரு முனைகளிலும் கூர்ந்த 12 கீற்றுகளாக அமைந்திருந்தது. 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக்கு ஒவ்வொரு கீற்றும் ஏறத்தாழ 12.6 சென்டிமீட்டர் நீளமும் நடுவில் 2.1 சென்டிமீட்டர் அகலமும் இருக்க வேண்டும். புடைப்புச் சிற்பத்துக்கு இந்த அளவு உழைப்பு தேவைப்படாது.

மூன்றாவது வழி ஈரம். தாளின் இழைகளை ஒன்றோடொன்று பிடித்து நிறுத்துவது ஹைட்ரஜன் பிணைப்பு. நீர் பட்டால் அது தளர்கிறது, உலர்ந்தால் புதிய நிலையிலேயே மீண்டும் இறுகுகிறது. ஜப்பானிய ஓரிகாமிக் கலைஞர் அகிரா யோஷிசாவா இந்தப் பண்பைப் பயன்படுத்தியே ஈர மடிப்பு முறையை உருவாக்கி, மடிப்பு உருவங்களுக்கு மென்மையான வளைவுகளைக் கொடுத்தார். 160 ஜிஎஸ்எம்முக்கு மேற்பட்ட தாளின் இரு பக்கமும் ஈரப் பஞ்சால் ஒற்றி, மேற்பரப்பின் மினுமினுப்பு அடங்கும்வரை காத்திருந்து, பிறகு விரல்களால் உருவத்தைப் பிடித்து, உலரும்வரை கவ்விகளாலோ நூலாலோ நிறுத்திவைக்க வேண்டும். அவசரப்பட்டு நனைந்த நிலையிலேயே அழுத்தினால் மேல்தோல் உரிந்து பஞ்சுபோல் எழும்பும்; அந்த இடம் உலர்ந்த பின்னும் சொரசொரப்பாகவே இருக்கும்.

பறவையை எழுப்புதல்

முதலில் முழு அளவில் ஒரு கோட்டோவியம் வரையுங்கள். உடல் 18 முதல் 20 சென்டிமீட்டரும் விரிந்த சிறகு ஒவ்வொன்றும் 22 சென்டிமீட்டரும் இருந்தால் கைக்கு அடக்கமாக இருக்கும். அந்த ஓவியத்தில் எவை மேலே இருப்பவை, எவை அடியில் மறைபவை என்று பார்த்து, பின்னிருந்து முன்னாக எண்ணிடுங்கள்: பின்புறச் சிறகு 1, வால் 2, உடல் 3, முன்புறச் சிறகு 4, தலை 5. பிறகு ஒவ்வொரு பகுதியையும் மெல்லிய தாளில் படியெடுத்துத் தனித்தனி வார்ப்புருவாக வெட்டுங்கள். அடியில் மறையும் பகுதிகளுக்கு 1 சென்டிமீட்டராவது கூடுதல் இடம் விட வேண்டும், அங்கேதான் பசை போகும். வளைவு ஏற்றியதும் துண்டுகள் அகலத்தில் சுருங்கும் என்பதையும் கணக்கில் கொண்டு, உடலின் வார்ப்புருவை ஓவியத்தைவிட இருபுறமும் சில மில்லிமீட்டர் அகலமாக வெட்டுவது அனுபவம் சொல்லித்தரும் பாடம். 80 ஜிஎஸ்எம் தாளில் முழுப் பறவையையும் ஒருமுறை ஒட்டாமல் கூட்டிப் பார்த்தபின் நல்ல தாளை எடுங்கள்.

உடலை 180 அல்லது 200 ஜிஎஸ்எம் தாளில், இழை தலையிலிருந்து வாலை நோக்கி ஓடும்படி வெட்டி, முதுகின் ஓரமாக ஒரு நீண்ட வளைகோட்டை முன்பக்கத்தில் கீறி மேடாக மடியுங்கள். வயிற்றின் விளிம்பில் மூன்று அல்லது நான்கு டார்ட் வெட்டுகள் போட்டு ஏற்றி ஒட்டினால் மார்பு புடைத்துக்கொள்ளும். வெட்டுத் தழும்புகளைப் பற்றிக் கவலை வேண்டாம். சிறு இறகுகள் அவற்றை மறைத்துவிடும்.

சிறகில்தான் பெரும்பகுதி நேரம் செலவாகும், செலவாகவும் வேண்டும். பெரும்பாலான பறவைகளுக்குச் சிறகின் நுனிப்பகுதியில் சுமார் 10 நீண்ட முதன்மை இறகுகளும், அவற்றை அடுத்து உடலை நோக்கிக் குட்டையான இரண்டாம் நிலை இறகுகளும், இவற்றின் அடிப்பகுதியை மூடியபடி வரிசை வரிசையாகச் சிறு மூடிறகுகளும் அமைந்திருக்கும். பறக்கும் இறகின் நடுத்தண்டு சரியாக நடுவில் இராது. காற்றை எதிர்கொள்ளும் பக்கம் குறுகியும் மறுபக்கம் அகன்றும் இருக்கும். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலே இறகு உயிர்பெற்றுவிடும், நடுவில் தண்டு கீறிய இறகு எப்போதும் இலையாகவே தெரியும். ஒவ்வோர் இறகையும் 120 ஜிஎஸ்எம் தாளில், இழை தண்டுக்கு இணையாக இருக்கும்படி வெட்டுங்கள்; மடிப்பு சுத்தமாக விழுவதோடு நீண்ட இறகு நுனியில் துவளாமலும் நிற்கும். தண்டை மென்மையான வளைகோடாகக் கீறிக் கிள்ளி மடித்து, அகன்ற பக்கத்தின் விளிம்பை மட்டும் பென்சிலில் சுற்றிக் கீழ்நோக்கிச் சிறிது வளைத்துவிடுங்கள். சில இறகுகளில் விளிம்பிலிருந்து தண்டை நோக்கிச் சாய்வாக ஒன்றிரண்டு பிளவுகள் வெட்டலாம், எல்லாவற்றிலும் வெட்டினால் பறவை கந்தலாகிவிடும். கூட்டும்போது கூரை வேய்வதைப் போல நீண்ட வரிசை முதலில், அதன் அடியை மூடும் குட்டை வரிசை பிறகு என்று மேலே செல்ல வேண்டும். ஒரே வரிசைக்குள் சிறகின் நுனியில் உள்ள இறகை முதலில் ஒட்டி உடலை நோக்கி வாருங்கள். மேலிருந்து பார்க்கும் உண்மையான சிறகிலும் உட்புற இறகு வெளிப்புற இறகின் மேல் படிந்தே இருக்கிறது.

பசையில் சிக்கனம் வேண்டும். வெள்ளைப் பசையில் நீர் கலந்திருப்பதால் அதிகம் தடவினால் மெல்லிய தாள் நெளிந்துவிடும், பிதுங்கி வழிந்தால் உலர்ந்தபின் வெள்ளைப் பரப்பில் மினுக்காகத் தெரியும். குச்சியின் நுனியில் ஒரு புள்ளி எடுத்து வைத்து, அரை நிமிடம் காத்திருந்து, பிசுபிசுப்பு வந்தபின் இடுக்கியால் இறகைப் பதித்து அழுத்துங்கள். முழு நீளத்துக்கும் ஒட்டாமல் அடிப்பகுதியை மட்டுமே ஒட்ட வேண்டும், நுனிகள் விடுபட்டு நின்றால்தான் நிழல் விழும். ஒட்டும் நாடாவும் ரப்பர் பசையும் காலப்போக்கில் மஞ்சளாகும் என்பதால் இரண்டையும் தொடாதீர்கள். கையைக் கழுவி உலர்த்திய பிறகே வெள்ளைத் தாளைத் தொடுவது என்ற வழக்கத்தையும் முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ளுங்கள், விரலின் எண்ணெய்த் தடத்தை எந்த அழிப்பானும் முழுமையாக நீக்காது.

தலைக்கு ஒரு சிறு கூம்பு போதும். அலகை நீள்முக்கோணமாகத் தனியே வெட்டி நடுவில் மடித்து உள்ளே செருகலாம். கண்ணுக்குக் கறுப்புப் புள்ளி வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு சிறு வட்டத்தை வெட்டி நீக்கி, அங்கே நிழல் தங்கும்படி விடுவதே இந்த வெள்ளை உலகத்துக்குப் பொருந்துகிறது.

பின்பலகையிலிருந்து ஒவ்வோர் அடுக்கும் வேறு வேறு உயரத்தில் நிற்க வேண்டும். 5 மில்லிமீட்டர் கனமுள்ள ஃபோம் போர்டைச் சிறு சதுரங்களாக வெட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கித் தாங்கிகளாக வைக்கலாம். தாளையே பெட்டிபோல மடித்தும் செய்யலாம். வாலுக்கு ஒரு சதுரம், உடலுக்கு மூன்று, முன்சிறகின் அடியில் மூன்றும் நுனியில் ஐந்தும் என்று வைத்தால் சிறகு பார்ப்பவரை நோக்கி எழும். தாங்கிகள் விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டராவது உள்ளே தள்ளி இருக்கட்டும், பக்கவாட்டில் நின்று பார்ப்பவர் கண்ணில் அவை படக் கூடாது.

ஒளியும் சட்டமும்

வண்ணமில்லாத சிற்பத்தில் கோடு வரைவது நிழல் மட்டுமே. ஆகவே வேலை நடக்கும்போதே ஒரே ஒரு விளக்கை மேல் இடப்பக்கத்தில், தளத்துக்கு 30 முதல் 45 பாகை சாய்வில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இறகையும் அந்த வெளிச்சத்தில் பார்த்தே ஒட்டுங்கள். அறை முழுவதும் பரவிய வெளிச்சத்தில் சரியாகத் தோன்றிய மடிப்பு, சாய்ந்த ஒளியில் காணாமல் போவதுண்டு. அங்கே மடிப்பை இன்னும் கூர்மையாக்க வேண்டும். நிழலுக்குள் மெல்லிய வண்ணம் வேண்டுமென விரும்புவோர், இறகின் அடிப்பக்கத்தில் மட்டும் செம்மஞ்சள் போன்ற பளிச்சென்ற நிறம் பூசினால், அது கீழுள்ள வெள்ளைத் தாளில் எதிரொளித்து இளஞ்சாயலாகப் படியும். நேரடியாகத் தெரியும் நிறத்தைவிட இது எனக்குப் பிடித்தமானது.

முடித்த படைப்பைத் தூசியிலிருந்து காக்க ஆழமான பெட்டிச் சட்டம் தேவை. மிக உயர்ந்த இறகு நுனிக்கும் கண்ணாடிக்கும் இடையே 1 சென்டிமீட்டருக்குக் குறையாத இடைவெளி விடுங்கள், ஏனெனில் காற்றில் ஈரம் கூடும்போது தாள் இழைக்குக் குறுக்காக விரிந்து இறகுகள் சிறிது நகரும். அருங்காட்சியகங்களில் தாள் படைப்புகளின் மேல் விழும் ஒளியை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அளவை) அளவுக்குள் வைத்திருப்பது வழக்கம். வீட்டில் அவ்வளவு கட்டுப்பாடு இயலாவிட்டாலும் நேர்வெயில் படும் சுவரையும் ஈரம் ஊறும் சுவரையும் தவிர்க்கலாம். சட்டமில்லாமல் வைத்திருக்கும் படைப்பில் தூசி படிந்தால் துணியால் துடைக்காமல், மிக மென்மையான உலர்ந்த ஓவியத் தூரிகையால் இறகின் அடியிலிருந்து நுனியை நோக்கி மட்டுமே தட்டிவிடுங்கள். எதிர்த்திசையில் தூரிகை போனால் ஒட்டாமல் விட்ட நுனிகளில் சிக்கி இறகை மடக்கிவிடும்.